நோபிதா சோம்பேறிதானே, அவனை ஏன் கதாநாயகனாக வைத்தார்கள்?

கேள்வி கேட்டவர் ஒரு தாய். எதிர்காலத்திலிருந்து வந்த ரோபோ பூனை டோரேமானைப் பற்றிய ஜப்பானியக் கார்ட்டூன் தொடரில் வரும் சிறுவன் நோபிதா படிப்பதில்லை, எப்போதும் தூக்கம், எதற்கெடுத்தாலும் அழுகை, இவனைப் பார்த்துப் பிள்ளை கெட்டுப்போகாதா, தொடரையே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

நானும் இதே பயத்தில் இருந்தவன்தான். மகள் நாலாம் வகுப்பு படித்தபோது ரிமோட்டைப் பிடுங்கி அணைத்திருக்கிறேன். அப்புறம் ஒரு விடுமுறையில் அவளோடு உட்கார்ந்து பார்த்தேன், மூலச் சித்திரக்கதைகளையும் தேடிப் படித்தேன். எண்ணம் மாறிவிட்டது.

நோபிதா சோம்பேறி என்பதில் சந்தேகமே வேண்டாம். பரீட்சையில் பூஜ்யம் வாங்குவான், பள்ளிக்குத் தாமதமாகப் போவான், தலை சாய்த்த 0.93 விநாடியில் தூங்கிவிடுவான். முதல் கதையிலேயே அவன் எதிர்காலத்தைச் சொல்லிவிடுகிறார்கள். வேலை கிடைக்காமல் சொந்தமாகத் தொடங்கும் கம்பெனி தீப்பற்றி எரிகிறது, பிறகு திவால். அந்தக் கடன் நூறு வருடமாகியும் தீராததால், எள்ளுப்பேரன் செவாஷிக்குப் புத்தாண்டுக் காசாக வெறும் 50 யென்தான் கிடைக்கிறது. அதைத் திருத்தத்தான் அவன் டோரேமானைக் காலயந்திரத்தில் கூட்டி வருகிறான்.

சரி, சோம்பேறித்தனத்தைக் கதை கொண்டாடுகிறதா? இல்லை. மனப்பாட ரொட்டி கதையை உங்கள் பிள்ளையும் பார்த்திருக்கலாம். ரொட்டித் துண்டைப் புத்தகப் பக்கத்தில் ஒற்றித் தின்றால் அந்தப் பக்கம் அப்படியே மனதில் நிற்கும். அளவுக்கு மீறித் தின்று வயிறு கெட்டு, கழிப்பறைக்குப் போய்வந்ததும் அத்தனையும் மறந்துபோகும். குறுக்குவழியில் போன கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன.

ஆனால் அவனைக் கதாநாயகனாக்குவது அவனுடைய மனசு. அது எனக்குப் புரிந்தது பாட்டி கதையில்.

பழைய சாமான்களுக்கு நடுவே ஒட்டுப்போட்ட கரடி பொம்மை ஒன்று கிடைக்கிறது. கிழிந்தபோதெல்லாம் பாட்டி தைத்துக் கொடுத்தது. அவன் பாலர் பள்ளியில் இருந்தபோதே பாட்டி இறந்துவிட்டாள். ஒரே ஒருமுறை பார்க்க வேண்டும் என்று காலயந்திரத்தில் போகிறான். இவ்வளவு பெரிய பையன் வந்து ‘நான்தான் நோபிதா’ என்றால் யார் நம்புவார்கள்? பாட்டி மறுகேள்வி இல்லாமல் நம்புகிறாள். தனக்கு முதலிலேயே அப்படித் தோன்றியது என்கிறாள். பேரன் பள்ளிப் பை மாட்டிப் பார்க்க ஆசை என்று அவள் சொல்ல, அவன் தன் காலத்துக்கு ஓடிப்போய்ப் பையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். அடுத்து, உன் பெண்டாட்டியையும் பார்க்க வேண்டும் போலிருக்கிறதே என்கிறாள். உடனே, பின்னாளில் தான் மணக்கப்போகும் தோழி ஷிசுகாவிடம் போய், இப்போதே கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்த இடம் அது.

அந்த ஷிசுகாவின் அப்பாவும் கல்யாணத்துக்கு முந்தின இரவு நோபிதாவின் மனசைப் பற்றித்தான் சொல்வார். பிறர் மகிழ்ச்சியைத் தன் மகிழ்ச்சியாக விரும்பவும் பிறர் துன்பத்துக்கு வருந்தவும் தெரிந்த பிள்ளை அவன், அதனால் மகளைத் தைரியமாகக் கொடுக்கிறேன் என்பார். மதிப்பெண், வேலை எதையும் அவர் எடுத்துப் பேசுவதில்லை. பெண்ணைப் பெற்றவனாக அந்தக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

இன்னொன்று 1974-இல் வந்த பிரியாவிடைக் கதை. டோரேமான் எதிர்காலத்துக்கே திரும்பிப்போக வேண்டிய நிலை. கடைசி இரவில் இருவருக்கும் தூக்கம் வராமல் வெளியே நடக்கப் போகிறார்கள். தனியாக நிற்கும் நோபிதா, அவனை எப்போதும் அடித்து மிரட்டும் முரட்டுப் பையன் ஜியான் தூக்கத்தில் நடந்துவர, அவனிடம் மாட்டிக்கொள்கிறான். வழக்கமாக இந்த இடத்தில் டோரேமானைக் கூப்பிட்டுக் கத்துவான். அன்று கூப்பிடவில்லை. அடி வாங்குகிறான், விழுகிறான், எழுந்து மறுபடி ஜியானைப் பிடித்துக்கொள்கிறான். நானே ஜெயிக்காவிட்டால் டோரேமான் நிம்மதியாகப் போக முடியாது என்கிறான். கடைசியில் ஜியானே ‘தோற்றுவிட்டேன், விட்டுவிடு’ என்கிறான். முகமெல்லாம் வீங்கிய நோபிதா தூங்குகிறான், டோரேமான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. விடிந்ததும் அறையில் நோபிதா மட்டும் இருக்கிறான்.

என் மகள் அதைப் பார்த்துவிட்டு, “அவன் ஏம்பா டோரேமானைக் கூப்பிடவே இல்லை?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே, “கவலைப்படுமேன்னுதானே?” என்றாள். ஒன்பது வயதில் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

இந்தப் பையனை உருவாக்கிய ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ, நோபிதா தன் சிறுவயதுச் சாயல்தான் என்று சொல்லியிருக்கிறார். அவரும் விளையாட்டில் பின்தங்கிய பிள்ளை. 1969 டிசம்பரில் சிறுவர் இதழ்களில் தொடங்கிய தொடரை, 1996-இல் இறக்கும்வரை கைவிடவில்லை. அந்தப் பையன்மேல் அவருக்கு இருந்த பாசம் ஒவ்வொரு கட்டத்திலும் தெரிகிறது.

அதனால் தொடரை நிறுத்த வேண்டாம் என்பதுதான் என் பதில். எங்கள் வீட்டில் வீட்டுப்பாடம் முடித்த பிறகு அரை மணி நேரம் என்று வைத்திருக்கிறோம். வாரத்தில் ஒரு நாளாவது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் பாட்டி கதையைத் தேடிப் போடுங்கள்.