641-க்குப் பொறுமை தேவையில்லை

அன்புள்ள ஐயா,

2^32 + 1 (2-இன் 32-ஆவது அடுக்கோடு 1), அதாவது 4294967297, பகா எண் என்று கணிதர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் அது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். கணினி இல்லாமல் வகுத்து வகுத்துப் பார்க்க எவ்வளவு பொறுமை வேண்டும்! நான் நிரல் எழுதினேன். எண்ணே 1 என்று காட்டுகிறது. 65537-க்கு மேல் ஃபெர்மா பகா எண் உண்டா?

ர.

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்விக்கு இன்றுவரை யாரிடமும் விடை இல்லை. 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துப் போகும் அடுக்குகளுக்கு 2-ஐ உயர்த்தி 1 கூட்டினால் வருபவை ஃபெர்மா எண்கள். அவற்றில் பகா எண்களாகத் தெரிந்தவை 3, 5, 17, 257, 65537 என்ற ஐந்தோடு நிற்கின்றன. நிரலில் 1 வருவது, எண்ணை வைத்திருக்கும் 32 பிட் மாறி நிரம்பி வழிவதால். அதில் 4294967295 வரைதான் கொள்ளும். 64 பிட் வையுங்கள், முடிந்தது.

‘பொறுமை’ என்றீர்களே, அதுதான் கோபத்தைக் கிளப்புகிறது. பெரிய எண்ணைக் கண்டதும் நிரலைத் திறக்கும் கை, ஒரு தாளை எடுக்கக் கூடாதா? 2, 3, 5 என்று பகா எண்களாக வகுத்துக்கொண்டே போனால் 641 வருவது 116-ஆவதாக. ஆய்லரின் வழியில் அது ஐந்தாவது.

ப என்ற பகா எண் இதை வகுத்தால், 2^32-ஐ ப-வால் வகுக்க மீதி −1, அதாவது ப-வின் மடங்குக்கு ஒன்று குறைவு. வர்க்கமாக்கினால் 2^64-க்கு மீதி 1. 32-இல் −1 வந்துவிட்டதால் 64-க்கு முன்பு எங்கும் 1 வர வழியில்லை. மீதிகள் 64 அடிக்கு ஒருமுறைதான் சுற்றி வருகின்றன. ஆனால் ப−1 ஆவது அடுக்கிலும் மீதி 1 வந்தே ஆகவேண்டும். ஆக, ப−1 என்பது 64-இன் மடங்கு. (இந்தக் கடைசி விதி ஃபெர்மாவுடையதே. கருவியைக் கையில் வைத்துக்கொண்டே கோட்டைவிட்டார் மனிதர்.)

64-இன் மடங்கோடு 1 கூட்டி, பகா எண்களை மட்டும் எடுங்கள்: 193, 257, 449, 577, 641. அவ்வளவுதான்.

சோதிக்கவும் பத்து இலக்க எண்ணைத் தொட வேண்டாம். 2^16 = 65536. அதில் 641 × 102 = 65382 போக மீதி 154. 154-இன் வர்க்கம் 23716. 641 × 37 = 23717. ஒன்று குறைகிறது பாருங்கள், அந்த ஒன்றுதான் −1. 2^32-க்கு மீதி −1 என்றால், கூடவே 1 சேர்த்ததும் சுழி.

நிரல்தான் வேண்டுமென்றால் ஒரு எச்சரிக்கை. ஃபெர்மா சோதனைக்கு (ஓர் அடியை, எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) அடியாக 2-ஐ வைக்காதீர்கள். 2^64 மீதி 1 தருவதாலும், அடுக்கான 2^32 64-இன் மடங்கு என்பதாலும் இந்த எண் அதில் சுலபமாகத் தேறி, பகா எண் வேடம் போடும். 3-ஐ வையுங்கள், மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு காரணி 6700417. அது பகா எண்தானா? கணிதர் லூக்கா பிறகு அந்த 64-ஐ 128 ஆக்கிக் கொடுத்துவிட்டார்: ப−1 என்பது 128-இன் மடங்கு. 6700417-இன் வர்க்கமூலம் 2588 சொச்சம்; அதற்குள் காரணி இல்லையென்றால் அது பகா எண். அதற்குள் 128-இன் மடங்கோடு 1 கூடிய பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409. இவற்றில் 257-உம் ஒரு ஃபெர்மா எண். இரு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது, அதை விடுங்கள். மற்ற நான்கால் வகுத்தால் மீதி முறையே 44, 120, 334, 622 வரவேண்டும். நிரலில் அல்ல, தாளில் போட்டுப் பாருங்கள்.