வாசகர் கேள்வி: மலைக் கிராமத்து வாத்தியார் ஜனாதிபதியான கதை

கேள்வி: பெரு நாட்டில் ஒரு கிராமப் பள்ளி வாத்தியார் ஜனாதிபதி ஆனாராமே, எப்படி முடிந்தது? பணபலம், கட்சி பலம் ஏதாவது இருந்ததா?
- ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பணம் இல்லை, கட்சியும் இரவல்தான். பெட்ரோ காஸ்டியோ 1969இல் கஹமார்கா மலைப்பகுதியில், எழுதப் படிக்கத் தெரியாத விவசாயப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1995 முதல் சொந்த ஊரான புன்யாவில் தொடக்கப் பள்ளி ஆசிரியர். அந்தச் சோத்தா வட்டாரத்தில் மாடு திருடர் தொல்லை தாங்காமல், போலீசும் கோர்ட்டும் கண்டுகொள்ளாததால் 1976இல் மக்களே தொடங்கிய ஊர்க்காவல் குழுக்கள் உண்டு. இவரும் இளமையில் அதில் இருந்தவர்.

2002இல் சொந்த வட்டாரத்தில் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். நாடு அவரைக் கவனித்தது 2017இல்தான். சம்பள உயர்வு கேட்டும், வேலையைப் பறிக்கும் மதிப்பீட்டுத் தேர்வை எதிர்த்தும் ஆசிரியர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது, தலைநகர் லிமாவில் இருந்த சங்கத் தலைமையை மீறி மாகாணத்து ஆசிரியர்களை வழிநடத்தியவர் இவர். எனக்கு அந்தப் போராட்டம் நியாயமானதாகவே படுகிறது.

2021 ஏப்ரலில் 18 வேட்பாளர்கள் மோதிய முதல் சுற்றில் சுமார் 19 சதவீதம் வாங்கி முதலிடம். ஜூனில் முன்னாள் ஜனாதிபதியின் மகள் கெய்கோ ஃபுஜிமோரியை 44,000 சொச்சம் ஓட்டில் தோற்கடித்தார். 'வளமான நாட்டில் இனி ஏழைகள் வேண்டாம்' என்பது கோஷம், பென்சில் சின்னம். செம்பும் தங்கமும் வெட்டி எடுக்கப்படும் நாட்டில் அந்தக் கோஷம் எப்படி எடுபட்டிருக்கும், யோசித்துப் பாருங்கள்! பூனோ, குஸ்கோ போன்ற மலை மாகாணங்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அவருக்குத்தான் போட்டார்கள்.

கேள்வி: அப்புறம் ஏன் ஒன்றரை வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை?
- கல்லூரி மாணவர், மதுரை

130 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் அவரை நிறுத்திய கட்சிக்கு 37 இடம்தான். முதல் நாளிலிருந்தே அவரை இறக்கிவிடத் துடித்த எதிர்க்கட்சிகள் ஒரு பக்கம், ஊழல் விசாரணைகள் இன்னொரு பக்கம், அடுத்தடுத்து ஐந்து பிரதமர்களை நியமித்த அவருடைய தடுமாற்றம் வேறு. ஆசிரியர் பின்னணி கொண்ட உறுப்பினர்கள் 2022இல் தனிக் குழுவாகப் பிரிந்தார்கள், அவரும் கட்சியை விட்டு விலகினார்.

2022 டிசம்பர் 7 அன்று, மூன்றாவது பதவிநீக்கத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருவதற்குச் சற்று முன்னால், நாடாளுமன்றத்தைக் கலைப்பதாக டி.வி.யில் அறிவித்தார். ராணுவம் சேரவில்லை. 101 ஓட்டில் நீக்கப்பட்டு அன்றே கைதானார். நாடாளுமன்றம் அவரை எவ்வளவு வதைத்திருந்தாலும் அந்த அறிவிப்பு தவறு, அதை நியாயப்படுத்த என்னால் முடியாது. அதன் விலையைக் கொடுத்தது மலைவாழ் ஏழைகள். அடுத்து வந்த போராட்டங்களில் பல பத்துப் பேர் செத்தார்கள், அதில் பெரும்பாலோர் பாதுகாப்புப் படையின் குண்டுக்குப் பலியானவர்கள்.

கேள்வி: எங்கள் சங்கத் தோழர் ஒருவர் தேர்தலில் நிற்க நினைக்கிறார். நிற்கலாமா?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

தாராளமாக. ஆனால் ஒரு கேள்வி கேளுங்கள் ஐயா: ஜெயித்த மறுநாள் அவருடன் சபையில் உட்காரப்போகிறவர்கள் யார், அவர்களைத் தேர்ந்தெடுத்தது அவரா, கட்சியை வைத்திருப்பவரா? காஸ்டியோவைத் தெருவில் தாங்கிப் பிடிக்க ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர் நின்ற கட்சியோ வேறொருவர் கையில் இருந்தது.