குரோஷா தொப்பி: கேட்டவர்களுக்குப் பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமைதோறும் குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னும் வேலை, சொல்லித் தருகிறேன். இந்த மாதம் வந்த கேள்விகள் எல்லாமே தொப்பியைப் பற்றியவை.

பாரிமுனைக் கடையில் ‘உல்லன்’ என்று ஒரு நூல் கொடுத்தார்கள். அது கம்பளிதானா? (வியாசர்பாடி)

அந்தப் பெயரில் நம் கடைத்தெருவில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக். ஊட்டிப் பயணத்துக்கு அக்ரிலிக் போதும். சென்னை வெயிலுக்குப் பருத்தியைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். நடுத்தரப் பருமனான நூலுக்கு 4 மி.மீ. ஊசி சரியாக இருக்கும்.

இரண்டு தொப்பி பின்னினேன் அக்கா. ஒன்றின் உச்சி நெளிநெளியாக நிற்கிறது, மற்றொன்று கண்ணை மறைக்கிறது. (பெரம்பூர்)

இரண்டுமே உச்சித் தட்டில், அதாவது தொப்பியின் உச்சியில் முதலில் பின்னும் தட்டையான வட்டத்தில், நேர்ந்த பிழைதான். அமெரிக்க முறை டபுள் குரோஷா என்ற பின்னலில் முதல் சுற்று 12 கண்ணி (ஊசியால் போடும் ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி) என்றால் அடுத்தவை 24, 36, 48 என்று சுற்றுக்குப் பன்னிரண்டாகக் கூட வேண்டும். அதற்குமேல் கூட்டினால் பொரித்த அப்பளம்போல ஓரம் நெளியும். குறைந்தால் கிண்ணமாகக் குவியும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தட்டைத் தரையில் வைத்து உள்ளங்கையால் நீவிப் பாருங்கள். படிந்து உட்கார்ந்தால் மேலே போகலாம்.

எங்கே நிறுத்துவது என்பதை இன்ச் டேப்தான் சொல்லும். நெற்றிக்கு நடுவே, காதுக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி அளந்து 3 செ.மீ. கழியுங்கள். மிச்சத்தை 3.14 ஆல் வகுத்தால் தட்டின் குறுக்களவு. தலை 56 என்றால் தொப்பி 53, தட்டு ஏறக்குறைய 17 செ.மீ. அந்த அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்திக் கண்ணிக்கு ஒன்றாகப் பின்னுங்கள்; ஓரம் தானாகக் கீழே மடியும். உச்சி நடுவிலிருந்து விளிம்புவரை 20 செ.மீ. இருந்தால் போதும். கண்ணை மறைக்கும் தொப்பியில் தட்டு பெரிதாகிவிட்டது. தயங்காமல் பிரித்துவிடுங்கள், நூல் வீணாகாது.

குறிப்பில் உள்ளபடிதான் டபுள் குரோஷா போட்டேன். உயரம் பாதிதான் வந்திருக்கிறது. (தண்டையார்பேட்டை)

பிரிட்டிஷ் முறையில் ‘டபுள்’ என்பது அமெரிக்க முறையில் ‘சிங்கிள்’; அது அமெரிக்க ‘டபுள்’ கண்ணியைவிடக் குட்டையானது. குறிப்பு எந்த நாட்டுடையது என்று முதலில் பாருங்கள்.

நன்னாவுக்கு (தாத்தாவுக்கு) தொழுகைத் தொப்பி பின்ன ஆசை. வெள்ளை நூல் கையில் அழுக்காகிறது. (மண்ணடி)

நல்ல ஆசை அம்மா. மெல்லிய பருத்தி நூலும் 1.5 மி.மீ. எஃகு ஊசியும் எடுங்கள். கையைக் கழுவித் துடைத்து, பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். நூலுருண்டையை மூடிய டப்பாவில் வைத்து மூடியில் துளையிட்டு இழுங்கள். தொழுகையில் குனிந்து வணங்கும் சஜ்தாவில் நெற்றி தரையில் பட வேண்டும், அதனால் நெற்றிக்கு மேலேயே விளிம்பு நிற்கட்டும். இந்த நூல் அதிகம் இழுபடாது; 3 செ.மீ. கழிக்காமல் 1 கழித்தால் போதும். நான் அப்பாவுக்குப் பின்னிய தொப்பியில் இதை மறந்தேன். கழற்றும்போது அவர் நெற்றியில் சிவந்த கோடு இருந்தது; அவர் ஒன்றும் சொல்லவில்லை. துவைத்தபின் தலையளவுள்ள பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் நீர்த்த அரிசிக் கஞ்சியில் நனைத்த தொப்பியைக் காயவையுங்கள்.

மகளுக்கு ராயபுரத்தில் பிரசவம். பேரக்குழந்தைக்கு? (திருவொற்றியூர்)

பிறந்த குழந்தையின் தலை சுமார் 35 செ.மீ. தட்டு 10 செ.மீ. வந்ததும் நிறுத்துங்கள். மணி, பொத்தான் எதுவும் வேண்டாம். தூங்கும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள், குழந்தைக்குச் சூடேறிவிடும்.

மீன் விற்கும் அம்மாவுக்கு வெயில் தொப்பி. கஞ்சி போட்டாலும் விளிம்பு தொங்கிவிடுகிறது. (காசிமேடு)

கடல்காற்றின் ஈரத்தில் கஞ்சி நிற்காது தம்பி. விளிம்புக்கு நூலை இரட்டையாக எடுத்து இறுக்கமாகப் பின்னுங்கள்; இடைவெளி இருந்தால் வெயில் இறங்கும். கடைசிச் சுற்றில் தடிமனான தூண்டில் நரம்பை ஓரத்தோடு வைத்து, அதை உள்ளே மூடியபடி கண்ணி போடுங்கள். இரு முனையும் மூன்று விரல் அகலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். உங்கள் வீட்டிலேயே நரம்பு கிடக்கும்.