பந்தயத்துக்கும் நெடுந்தூரத்துக்கும் ஒரே கிராவல் சைக்கிள் என்றால் எந்த வகையை வாங்குவது?

பெங்களூரில் வசிக்கும் 38 வயதுக்காரர் என்றும், இதுவரை ஹைப்ரிட் சைக்கிள் ஓட்டியவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வரும் சனவரியில் 110 கி.மீ. மண்சாலைப் பந்தயம் ஒன்றிலும், அதே ஆண்டில் 200, 300, 400, 600 கி.மீ. பிரெவேக்கள் (நேர வரம்புக்குள் முடித்தால் போதும் என்ற, போட்டியல்லாத நெடுந்தூரப் பயணங்கள்) நான்கிலும் கலந்துகொள்ள விரும்புகிறீர்கள். தார்ச்சாலைக்கும் மண், சரளைச் சாலைக்கும் சேர்த்து வடிவமைத்த கிராவல் சைக்கிள் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. என் பதில்: நெடுந்தூர வகை ஃப்ரேமை வாங்குங்கள், பந்தயத்துக்கு அதில் டயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மாறாகச் செய்து பட்ட பிறகுதான் இப்படிச் சொல்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அல்சூரில் குடியிருந்தபோது, எடை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் பந்தய வகைக் கிராவல் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். முதல் மூன்று மாதங்கள், ஞாயிறு காலைகளில் நந்தி மலை வரை போய்வரும் அளவில், அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு 300 கி.மீ. பிரெவேக்குப் போனேன். 200 கி.மீ. தாண்டியதும் இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. நேர வரம்புக்குள் முடித்துவிட்டேன்; ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டு வாசலில் நின்று சாவியைப் பூட்டில் நுழைத்தவனுக்கு அதைத் திருப்ப விரல்களில் வலுவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் சாவியை இடுக்கிக்கொண்டு, உடம்பையே சாய்த்துத் திருப்பினேன். மறுநாள் அலுவலகம் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டவர் என் மனைவி. விரல்கள் பழைய நிலைக்கு வர மூன்று வாரங்கள் ஆயின.

உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கமாகப் போகும் அல்நார் நரம்பு மணிக்கணக்கில் அழுத்தப்பட்டால் இப்படி ஆகும். அந்த அழுத்தம் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் ஃப்ரேமின் உயரமே முடிவு செய்கிறது. பெடல் கைகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து ஃப்ரேமின் முன்கழுத்துக் குழாயின் உச்சி வரை உள்ள செங்குத்து உயரத்தை ஸ்டேக் என்றும், அதே இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள கிடைமட்டத் தூரத்தை ரீச் என்றும் சொல்வார்கள். பந்தய வகையில் ஸ்டேக் குறைவு, ரீச் அதிகம். உடல் முன்னால் கவிழ்ந்து காற்றுக்கு ஒதுங்குகிறது, அந்த எடையில் ஒரு பங்கு கைகளுக்கு வந்து சேர்கிறது. என் பழைய சைக்கிளில் ஸ்டேக் 552 மி.மீ., இப்போது இருப்பதில் 584 மி.மீ. இரண்டு விரல் அகல வேறுபாடுதான். பன்னிரண்டாவது மணி நேரத்தில் அதன் அருமை தெரியும். ஹேண்டில்பாருக்குக் கீழே ஸ்பேசர் எனும் வளையங்களை வைத்து உயர்த்திக்கொள்ளலாம் என்று கடையில் சொல்வார்கள். கார்பன் ஃபோர்க்குகளில் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) எத்தனை மி.மீ. ஸ்பேசர் வைக்கலாம் என்பதற்குத் தயாரிப்பாளரே வரம்பு விதித்திருப்பார். அதைக் கேட்காமல் நம்பிவிடாதீர்கள்.

உங்களுக்கு வேகம் எங்கே தேவைப்படுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 கி.மீ. பிரெவேயின் வரம்பு 40 மணி நேரம். சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. சராசரி போதும். மறுபக்கம், அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் நடக்கும் அன்பவுண்ட் பந்தயம் ஏறத்தாழ 322 கி.மீ. சரளைச் சாலை. 2024இல் அதை வென்ற லாக்லன் மார்ட்டன் 9 மணி நேரத்துக்குச் சற்று மேல், அதாவது மணிக்குச் சுமார் 35 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். காற்றை எதிர்த்துச் செல்லத் தேவைப்படும் ஆற்றல், வேகம் இரு மடங்கானால் எட்டு மடங்காக உயர்வதால், 35இல் ஓடுகிறவருக்குக் குனிந்த உட்காரும் நிலை கைமேல் பலன் தருகிறது. மண்ணில் 20, 22 என்று போகும் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது கழுத்து வலிதான்.

இதை நானே ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். ஆனேக்கல்லில் தொடங்கி, தளி, ஜவளகிரிப் பக்கம் சுற்றித் திரும்பும் சுமார் 70 கி.மீ. வழி, அதில் மூன்றில் ஒரு பங்கு ராகி வயல்களுக்கும் தைலமரத் தோப்புகளுக்கும் இடையே ஓடும் மண்ணும் கப்பியும். (அந்தக் காட்டோரத்தில் யானை நடமாட்டம் உண்டு. வெயில் ஏறிய பிறகே நுழைந்து, மாலைக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும்.) ஒரே சக்கரங்களை இரண்டு ஃப்ரேம்களிலும் மாற்றி மாட்டி, இதயத்துடிப்பை 140 அளவில் வைத்து ஓட்டியதில், பந்தய ஃப்ரேம் 4 நிமிடம் முந்தியது. அதன் பிறகு நெடுந்தூர ஃப்ரேமிலேயே 45 மி.மீ. முரட்டு டயரைக் கழற்றிவிட்டு, நடுப்பகுதி வழவழப்பான 38 மி.மீ. டயரைப் போட்டேன், 9 நிமிடம் குறைந்தது. ஒரே ஆள் செய்த சோதனை என்பதால் இதை ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனாலும் பணத்தை எதில் போட வேண்டும் என்பது எனக்கு அன்றே விளங்கிவிட்டது.

அடுத்து கியர். பெடலோடு சுழலும் பல்சக்கரமான செயின்ரிங் முன்னால் ஒன்றே உள்ள அமைப்பு பந்தய வகைகளில் பரவலாக வருகிறது. சேற்றிலும் குலுக்கலிலும் செயின் நழுவுவது குறைவு என்பது உண்மைதான். ஆயினும் ஷிமானோ நிறுவனத்தின் 11 அடுக்குக் கேசட்டுகளை (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை அமைப்பின் 11-42 கேசட்டில் பற்கள் 21, 24, 28, 32 என்று தாவுகின்றன. இரட்டை அமைப்பின் 11-34இல் அவை 21, 23, 25, 27 என்று நெருக்கமாக இருக்கின்றன. எதிர்க்காற்றில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும்போது, முன்னால் 40 பல் ஒற்றைச் செயின்ரிங் இருந்தால் நீங்கள் நிற்பது 21க்கும் 24க்கும் நடுவில். ஒன்றில் கால் இறுகும், மற்றதில் கால் வெறுமனே சுழலும். இரட்டை அமைப்பின் 48 பல் செயின்ரிங்கில் அதே வேகம் 25, 27 பற்களில் வந்து பொருந்தும். நான்கு மணி நேரம் எதிர்க்காற்று வாங்கியவருக்கு இந்த அருமை புரியும். முன்னால் சிறிய 31 பல் செயின்ரிங், பின்னால் 34 பல் என்ற கடைசிக் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 7 கி.மீ. நந்தியின் கடைசித் திருப்பங்களில் அதற்கு மேல் நான் போனதில்லை.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: குறைந்தது 45 மி.மீ. இடம் உள்ள ஃப்ரேமாகப் பாருங்கள், டியூப்லெஸ் போடுங்கள். வேலிக்கருவை முள் எந்த வகை சைக்கிள் என்று பார்த்துக் குத்துவதில்லை. ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் நம் ஊர் வெயிலில் சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதால், பந்தயத்துக்கு முந்தைய வாரம் புதிதாக ஊற்றிக்கொள்ளுங்கள். பிரெவேயில் இரவு விளக்குகள் கட்டாயம். மூன்று தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் மேல்குழாய்ப் பைக்கும் திருகு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

நிறுவனங்களே இந்த இரு வகைகளையும் பிரித்துத்தான் விற்கின்றன. கேனியனில் கிரெயில் பந்தயத்துக்கு, கிரிஸ்ல் பயணத்துக்கு. ஸ்பெஷலைஸ்டில் கிரக்ஸ் முன்னது, டைவர்ஜ் பின்னது. டிரெக்கில் செக்மேட் முன்னது, செக்பாயின்ட் பின்னது. இந்த இணைகளில் இரண்டாவதாகச் சொன்னவற்றின் பக்கம் பாருங்கள். ஜயன்ட்டின் ரிவோல்ட்டில் பின்சக்கர அச்சை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி உண்டு. உங்கள் தேவைக்கு அதையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். கார்பனுக்கு ஆசைப்பட்டு மட்டமான சக்கரங்களோடு வாங்குவதைவிட, அலுமினிய ஃப்ரேமும் நல்ல சக்கரங்களும் மேல்.

ஒரே ஒரு நிலையில் என் பதில் மாறும். சனவரிப் பந்தயத்தில் முடித்தால் போதும் என்றில்லாமல் முதல் பத்து இடங்களுக்குள் வரும் நோக்கம் இருந்து, கழுத்தும் இடுப்பும் வளைந்துகொடுத்து, பிரெவேயை 200 கி.மீ. அளவோடு நிறுத்திக்கொள்வீர்கள் என்றால், பந்தய வகையையே எடுங்கள். இல்லையென்றால், ஒரு டேப்பை எடுத்து உங்கள் ஹைப்ரிடின் ஸ்டேக்கையும் ரீச்சையும் அளந்து, உயரத்தோடு சேர்த்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஃப்ரேம்களில் எந்த அளவு உங்களுக்குப் பொருந்தும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.