நிறுவன ஆய்வகத்தில் நம் கேள்விக்கு இடம் உண்டா?

கேள்வி: முனைவர் பட்டம் முடித்து, பன்னாட்டுத் தொழில்நுட்ப நிறுவனமொன்றின் ஆய்வகத்தில் சேர எண்ணுகிறேன். ஆய்வுப் பொருளை நானே தேர்ந்தெடுக்க முடியுமா? கட்டுரை வெளியிடத் தடை இருக்குமா?

பதில்: ஓரளவு முடியும், ஆனால் உங்கள் கேள்வியும் நிறுவனத்தின் தேவையும் எங்கேனும் சந்திக்க வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தின் ஜூரிக் ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிக் ரோரரும் மிக மெல்லிய ஆக்சைடு படலங்களின் குறைகளை ஆராயப் புகுந்தனர்; அதற்கேற்ற கருவி எதுவும் இல்லாததால் தாமே ஒன்றை உருவாக்க முனைந்து, பரப்பிலுள்ள அணுக்களையே காட்டும் நுண்ணோக்கியை 1981-இல் இயக்கிக் காட்டி, 1986-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். தேவையிலிருந்து தொடங்கி அதைக் கடந்து செல்லும் இந்தப் பொறுமையைத்தான் நல்ல ஆய்வகத்தின் அடையாளமாக நான் மதிக்கிறேன்.

கட்டுரைக்குப் பொதுவாகத் தடை இல்லை; தாமதம் உண்டு. காப்புரிமைக்கு விண்ணப்பிக்குமுன் கண்டுபிடிப்பை வெளியிட்டால் பல நாடுகளில் அவ்வுரிமையே பறிபோகும் என்பதால், வரைவை முதலில் நிறுவனத்தின் சட்டப் பிரிவு பார்க்கும். ஆகவே, சேரவிருக்கும் குழுவினர் அண்மையில் வெளியிட்ட கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். ஒப்பந்தத்தில் வெளியீடு பற்றிய பிரிவை, சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்பே, வரி விடாமல் வாசியுங்கள்.