அந்த எட்டுப் பேர் எந்தக் கட்சி? – வாசகர் கேள்வி பதில்

2021 சட்டசபைத் தேர்தலில் திமுக ஜெயித்தது 133 தொகுதி என்று ஒரு இடத்தில் படிக்கிறேன், 125 என்று இன்னொரு இடத்தில் படிக்கிறேன். எது சரி சார்?
– கும்பகோணம் வாசகர்

இரண்டுமே சரிதான். தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் உதயசூரியனில் நின்று ஜெயித்த அத்தனை பேரும் திமுக. அப்படிப் பார்த்தால் 133. அதற்குள் மதிமுக 4, மனிதநேய மக்கள் கட்சி 2, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி 1, தமிழக வாழ்வுரிமைக் கட்சி 1 என்று எட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கழித்தால் அசல் திமுககாரர்கள் 125. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது உதாரணம்: பாபநாசத்தில் ஜெயித்த ஜவாஹிருல்லா மனிதநேய மக்கள் கட்சியின் தலைவர், ஆனால் ஓட்டு வாங்கியது உதயசூரியனில். எதிர்ப்பக்கமும் இதே கதைதான், அதிமுகவின் 66-ல் கே.வி.குப்பம் பூவை ஜெகன்மூர்த்தியும் ஒருவர், அவர் புரட்சி பாரதம் கட்சியின் தலைவர், நின்றது இரட்டை இலையில்.

சின்னக் கட்சிகள் ஏன் இதற்குச் சம்மதிக்கின்றன என்று அடுத்து கேட்பீர்கள். அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு நிரந்தரச் சின்னம் கிடையாது, ஆணையம் கடைசி நேரத்தில் எதைக் கொடுக்கிறதோ அதை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று வாரத்துக்குள் தொகுதி முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், ஆனால் உதயசூரியனையும் இரட்டை இலையையும் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெரிய கட்சிக்கும் லாபம் உண்டு. கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, எந்தக் கட்சி உங்களை வேட்பாளராக நிறுத்தியதோ அந்தக் கட்சியின் உறுப்பினர்தான் நீங்கள். சபையில் அவரவர் கட்சிக்காரராகவே பேசலாம், தொகுதியில் அவரவர் கொடியைக் கட்டிக்கொண்டு போகலாம், ஆனால் ஓட்டெடுப்பு என்று வந்து திமுக கொறடா ‘இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும்’ என்று உத்தரவு போட்டால் அந்த எட்டுப் பேரும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். மீறினால் பதவி போகலாம். கூட்டணி நாளைக்கே உடைந்தாலும் இதுதான் நிலைமை. சொந்தச் சின்னத்தில் ஜெயித்த காங்கிரஸின் 18 பேருக்கும் இடதுசாரிகளின் 4 பேருக்கும் இந்தக் கட்டு கிடையாது. விடுதலைச் சிறுத்தைகள் அந்தத் தேர்தலில் பானைச் சின்னம்தான் வேண்டும் என்று நின்று 6-ல் 4 ஜெயித்ததை வெறும் கௌரவப் பிரச்சினையாகப் பார்த்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அந்த வருஷம் பேரம் பேசிய சின்னக் கட்சிகளில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது அவர்கள்தான்.

ஆளுங்கட்சியின் கூட்டாளியே எதிர்க்கட்சித் தலைவராக இருக்க முடியுமா? எங்கள் வீட்டில் இதை வைத்துப் பெரிய சண்டை.
– காரைக்குடி வாசகி

முடியும், மூன்று முறை நடந்தே இருக்கிறது. 1991-ல் அதிமுக 164, கூட்டணியில் இருந்த காங்கிரஸ் 60, திமுக வெறும் 2. அந்த இரண்டு பேர் துறைமுகத்தில் ஜெயித்த கருணாநிதி, எழும்பூரில் ஜெயித்த பரிதி இளம்வழுதி. கருணாநிதி ராஜினாமாவும் செய்துவிட்டார். எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி காங்கிரஸின் எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியத்துக்குப் போனது, அதாவது அதிமுகவோடு சேர்ந்து ஓட்டுக் கேட்டவருக்கு. 1996-ல் அப்படியே தலைகீழ்: திமுக 173, அதன் கூட்டாளி தமிழ் மாநில காங்கிரஸ் 39, அதிமுக 4. பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றுப்போனார். இந்த முறை எதிர்க்கட்சித் தலைவர் தமாகாவின் சோ.பாலகிருஷ்ணன்.

மூன்றாவது 2011. அதிமுக கூட்டணியில் நின்ற தேமுதிகவுக்கு 29, திமுகவுக்கு 23. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார், கொஞ்ச நாளிலேயே ஜெயலலிதாவோடு முட்டிக்கொண்டு நிஜமான எதிர்க்கட்சியாகவும் ஆனார். அப்புறம் அவர் ஆட்களே ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தார்கள். கட்சி மாறினால் பதவி போகும் என்பதால் மாறாமலேயே முதல்வரைப் புகழ்ந்துகொண்டு சபையில் உட்கார்ந்திருந்தார்கள், 2016 பிப்ரவரியில் தேர்தல் நெருங்கியதும் அவர்களில் 8 பேர் மொத்தமாக ராஜினாமா செய்தார்கள். ஏற்கெனவே ஒருவர் விலகியிருந்ததால் தேமுதிக 20-க்கு இறங்கியது. அந்தப் பதவிக்கு மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு வேண்டும், 234-க்கு அது 24. விஜயகாந்த் பதவி போனது, 23 வைத்திருந்த திமுகவுக்கும் கிடைக்கவில்லை.

வீட்டில் யார் பக்கம் ஜெயித்தது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

சட்டசபையில் பெரும்பான்மைக்கு வேண்டிய 118 இடம் இல்லாமல் ஆட்சி நடத்தவே முடியாதா?
– நாமக்கல் வாசகர்

நடத்தியிருக்கிறார்களே. 2006-ல் திமுகவுக்குக் கிடைத்தது 96தான். காங்கிரஸ் 34, பாமக 18, மார்க்சிஸ்ட் 9, இந்திய கம்யூனிஸ்ட் 6, எல்லாம் சேர்ந்து 163. ஆனால் மந்திரிசபையில் திமுக மட்டும், மற்றவர்கள் வெளியிலிருந்து ஆதரவு. ‘மைனாரிட்டி திமுக அரசு’ என்று ஜெயலலிதா சொல்லாத நாளில்லை, ஆனாலும் அந்த அரசு ஐந்து வருஷமும் ஓடியது. அதற்கு முன்னால் 1952-ல், ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த பழைய சென்னை மாகாணத்தில், 375-ல் காங்கிரஸுக்கு 152தான். தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்குக் கொண்டுவந்து முதல்வராக்கினார்கள், அவர் காமன்வீல் கட்சியின் மாணிக்கவேல் நாயக்கரை மந்திரியாக்கி ஆள் சேர்த்தார்.

இன்னொன்றும் உண்டு. 118 என்பது 234 பேரும் இருந்தால் வருகிற கணக்கு. நம்பிக்கை வாக்கெடுப்பில் அன்றைக்குச் சபையில் இருந்து ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பான்மை இருந்தால் போதும், சபாநாயகர் சமநிலை வந்தால் மட்டும்தான் ஓட்டுப் போடுவார். 2017 பிப்ரவரி 18-ஐ நினைத்துப் பாருங்கள், அதிமுக பிளவுபட்டிருந்த நேரத்தில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோரிய நாள். கூவத்தூர் விடுதியிலிருந்து எம்.எல்.ஏ.க்களை நேரே கோட்டைக்குக் கூட்டி வந்தார்கள். ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்க, சபாநாயகர் தனபால் மறுக்க, மேஜை நாற்காலியெல்லாம் உருண்டது, திமுகவினரைக் காவலர்கள் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள், ஸ்டாலின் கிழிந்த சட்டையோடு வந்து நின்றார். காங்கிரஸ் வெளிநடப்பு. அப்புறம் இருந்தவர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி, தலையை எண்ணினார்கள். பழனிசாமிக்கு ஆதரவு 122, எதிர்ப்பு 11. அந்தப் பதினொன்று ஓ.பன்னீர்செல்வம் பக்கம் நின்ற அதிமுகவினர்.

அதோடு முடிந்ததா? செப்டம்பரில் தினகரன் பக்கம் போன 18 பேரைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். சபையே 18 பேர் சின்னதாகிவிட்டது, அதனால் பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணிக்கையும் இறங்கியது. வழக்கில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இரண்டு பேர் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லி, மூன்றாவது நீதிபதியிடம் போய், 2018 அக்டோபரில்தான் தகுதி நீக்கம் செல்லும் என்று முடிவானது. அதுவரை அந்த 18 தொகுதிக்கும் எம்.எல்.ஏ.வே இல்லை. 2019-ல் மொத்தம் 22 தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது, திமுக 13, அதிமுக 9. அதே வருஷம் மக்களவைக்கு நடந்த தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38-ஐத் திமுக கூட்டணி அள்ளியது, ஆனால் அந்த 9 இருந்ததால் பழனிசாமி ஆட்சி 2021 வரை அசையவில்லை.

ஓட்டு சதவீதம் அதிகம் வாங்கிய கட்சிக்கு சீட் குறைவாக வருவது அநியாயம் இல்லையா?
– தூத்துக்குடி வாசகர்

அநியாயம்தான், ஆனால் சட்டப்படியான அநியாயம். 2021-ல் நாம் தமிழர் தனியாக 234-லும் நின்று 6 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, கிடைத்தது பூஜ்யம். பாமக கூட்டணியில் 23 இடத்தில் நின்று 4 சதவீதம்கூட வாங்காமல் 5 பேரை உள்ளே அனுப்பியது. இதே பாமக 2016-ல் தனியாக நின்று 5 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஒரு இடத்திலும் ஜெயிக்கவில்லை. 1991-ல் 2 இடம் வாங்கிய திமுகவுக்கும் 1996-ல் 4 இடம் வாங்கிய அதிமுகவுக்கும் 20 சதவீதத்துக்கு மேல் ஓட்டு இருந்தது. கூட்டணிப் பேச்சில் ஒவ்வொரு சீட்டுக்கும் விடிய விடிய ஏன் மல்லுக்கட்டுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

ஜனத்தொகை இவ்வளவு ஏறியும் ஏன் இன்னும் 234?
– தாம்பரம் வாசகி

1967-லிருந்து 234தான், அதற்கு முந்தைய 1962 தேர்தலில் 206. நெருக்கடி நிலைக் காலத்தில் கொண்டுவந்த 42-ஆவது திருத்தம் எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது, 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு வரும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரைக்கும் நீட்டியது. 2008-ல் எல்லைகளை மட்டும் மாற்றினார்கள். அதற்குள்ளேயே உங்கள் பக்கம் வீங்கிவிட்டது: 2021-ல் சோழிங்கநல்லூரில் கிட்டத்தட்ட 7 லட்சம் வாக்காளர்கள், நாகப்பட்டினம் மாவட்டம் கீழ்வேளூரில் 2 லட்சம்கூட இல்லை. இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு எம்.எல்.ஏ.

2021-ல் எத்தனை பெண்கள் ஜெயித்தார்கள்?
– திண்டுக்கல் வாசகி

12. திமுக 6, அதிமுக 3, பாஜக 2, காங்கிரஸ் 1. நான்கே பேர் ஜெயித்த பாஜகவில் இரண்டு பேர் பெண்கள், 66 பேர் ஜெயித்த அதிமுகவில் மூன்று பேர், அதுவும் ஜெயலலிதா நடத்திய கட்சியில்.

பழைய புத்தகங்களில் 235 உறுப்பினர்கள் என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?
– வேலூர் வாசகர்

பிழை இல்லை. ஆங்கிலோ இந்தியர் சமூகத்திலிருந்து ஒருவரை ஆளுநர் நியமிப்பார், அவரையும் சேர்த்து 235. 104-ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரியோடு அந்த நியமனம் நின்றுபோனது.