கூட்டத்தில் மௌனம், டீக்கடையில் கச்சேரி

அன்புள்ள ஐயா,

கப்பலூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர், "மனம் விட்டுப் பேசுங்கள்" என்பார். ஒருவரும் வாய் திறப்பதில்லை. பிறகு வாசல் டீக்கடையில் எல்லாம் கொட்டும். போன மாதம் ஓர் அச்சு தேய்ந்திருந்தது எங்களில் சிலருக்குத் தெரியும், யாரும் சொல்லவில்லை. சரக்கு மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. நக்கீரர் ஊர்க்காரர்களுக்கு ஏன் இந்த அடிமைப் புத்தி?

க., திருமங்கலம்

அன்புள்ள க.,

நக்கீரரை இழுத்துவிட்டீர்கள். திருவிளையாடல் புராணத்தின்படி அவர் நெற்றிக்கண்ணின் வெப்பம் தாளாமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். இறைவனைப் பாடித் துதித்த பிறகே கரையேறினார். அந்தப் பாதியை யாரும் மேடையில் சொல்வதில்லை.

உங்களை நீங்களே வைதுகொள்ள வேண்டாம். கூட்டமாக இருந்ததால் பிழைத்த இனம் நாம். ஒதுக்கப்பட்டவன் காட்டில் அதிக நாள் தாங்கியிருக்க மாட்டான். 2003-இல் நவோமி ஐசன்பர்கரும் சக ஆய்வாளர்களும் சிலரைக் கணினியில் பந்து விளையாட வைத்து, பாதியில் அவர்களுக்குப் பந்து வராமல் செய்தார்கள். எதிரே ஆடியது வெறும் நிரல். அதற்கே, உடல் வலியோடு தொடர்புள்ள மூளைப் பகுதி ஒன்று கிளர்ந்தது. சம்பள உயர்வைக் கையில் வைத்திருப்பவர் முகம் சுளித்தால் கேட்கவா வேண்டும்?

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையம், அடர்ந்த மூடுபனி. நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானம் அனுமதி இல்லாமலே புறப்பட ஓடத் தொடங்கிவிட்டது. எதிரே வந்த அமெரிக்காவின் பான் ஆம் விமானம் ஓடுதளத்தை விட்டு விலகிவிட்டதா என்று கேஎல்எம் விமானப் பொறியாளர் சந்தேகமாகக் கேட்டார். விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார் தலைமை விமானி. நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். பொறியாளர் மேலே பேசவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். அதே விமானத்தில்தான் அந்தப் பொறியாளரும் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். தன் உயிரே போகும் இடத்திலும் அந்தப் பயம் வாயைக் கட்டும். இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு, கீழே இருப்பவர் சொல்லவும் மேலே இருப்பவர் கேட்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி வந்தது. வீரனாகப் பிறந்து வா என்று யாரையும் கேட்கவில்லை.

உங்கள் மேலாளருக்குக் கேட்கத் தெரியவில்லை. "மனம் விட்டுப் பேசுங்கள்" என்றால் எங்கிருந்து தொடங்குவது? "இந்த அச்சு இன்னும் எத்தனை நாள் தாங்கும்?" என்றால் பதில் வரும். முதலில் வாய் திறந்தவருக்கு என்ன கதி என்பதையும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

இன்னொன்று. உங்கள் ஷிப்டில் ஹெல்பர்களுக்கு நீங்கள்தான் மேலாளர். ஒருவரைத் தனியாக அழைத்து, நீங்கள் சொன்னபடி செய்து கெட்டுப்போன வேலை எது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை விளக்கம் கொடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள்.